மூலைமேல் மூலை

என் தம்பி அர்வோ அன்று காலை ரொட்டிக் கத்தியால் அட்டையை அறுத்துக்கொண்டிருந்தான். காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே மூன்று மாதிரிப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலிருந்தும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை அறுத்தெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் விளிம்பைப் பார்த்தான். இரண்டு தாள்களுக்கு நடுவே மூன்றாவது தாள் அலைஅலையாக நெளிந்து நிற்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியும்.

"அந்தக் கத்தி ரொட்டிக்கு" என்றாள் அவன் மனைவி இர்யா, அடுப்படியிலிருந்து திரும்பாமலே. "அட்டைய அறுத்தா மழுங்கிடும்."

"நீ சுட்ட ரொட்டிய அறுத்தே அது மழுங்கிப்போச்சு."

"அப்ப அட்டையவே தின்னு. வெண்ணெய் தடவித் தரவா?"

அவன் உண்மையிலேயே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். எவ்வளவு நேரத்தில் எச்சிலில் ஊறிப் பிரிகிறது என்று பார்க்க அதுதான் அவன் வழி. மூன்றையும் சுவைத்து முடித்து, காப்பியைக் குடித்து வாயைக் கழுவினான்.

"எதை எடுக்கப் போற?" என்று நான் கேட்டேன்.

"மத்தியானம் சொல்றேன்."

அன்று வியாழக்கிழமை. பட்டாணிக் கஞ்சி அடுப்பில் இருந்தது. அவன் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைச் சரிபார்க்கப் படகுக் கொட்டகைக்குப் போனான். இயந்திரம் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்கவே இல்லை. கஞ்சி கெட்டியாகிறதே என்று கூப்பிடப் போன இர்யாதான் அவனைப் பார்த்தாள். மருத்துவர் பிற்பாடு இதயம் என்றார். அவள் கொட்டகையிலிருந்து ஓடி வரவில்லை. நடந்து வந்து, அடுப்பை அணைத்து, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "சில்வி, நீ கொஞ்சம் வா" என்றாள்.

எங்கள் தீவில் உருளைக்கிழங்குதான் எல்லாம். மீன் இருக்கிறது, ஆடுகள் இருக்கின்றன. ஆனால் கோடைத் திருநாளுக்கு, ஜூன் கடைசியில் பகல் அணையாமல் இருக்கும் அந்த வாரத்துக்கு, நகரத்தில் எல்லோருக்கும் வேண்டியது புதுக்கிழங்கு. விரல் பட்டால் தோல் உரியும் இளங்கிழங்கு. தெற்குச் சரிவில் பனி உருகியதும் நட்டு, வெள்ளைத் துணி போர்த்தி, குளிரிரவுகளில் எழுந்து போய்ப் பார்த்து வளர்த்தால், திருநாளுக்கு முன் அகழ்ந்து அனுப்பலாம். அந்த இரண்டு வாரத்து விலைதான் ஆண்டு முழுதும் வீட்டை நடத்தும். திருநாள் கழிந்துவிட்டால் கிழங்கு வெறும் கிழங்குதான்.

முந்தைய வருடம் அர்வோவின் பெட்டிகள் நசுங்கின. பனிமூட்டத்தில் படகில் போன பாரம் அது. துர்க்கு நகரத் துறையில் இறக்கும்போது கீழ் வரிசைகள் வயிறு பிதுங்கிப் பிளந்திருந்தன. உள்ளே கிழங்கின் தோல் உரசி, கடைக்குப் போவதற்குள் கறுத்துவிட்டது. மொத்தக் கொள்முதல்காரர் ஹக்காலா பாதியைத் திருப்பி அனுப்பினார். "இன்னொரு தடவை இப்படி வந்தா, திருநாள் கிழங்க பக்கத்துத் தீவுல எடுத்துக்குவேன். எனக்கும் கடைக்காரங்க இருக்காங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்.

அர்வோ அட்டையைக் குற்றம் சொன்னான். மலிவான அட்டையை வாங்கிய தன்னையும் சொன்னான். பெட்டித் தொழிற்சாலைக்கு அந்தக் குளிர்காலம் முழுதும் தொலைபேசியில் பேசினான். அதன் பயனாகத்தான் மூன்று மாதிரிகள் வந்திருந்தன.

அடக்கம் முடிந்து, காப்பியும் கேக்கும் முடிந்து, மலர்களோடு வந்த இரங்கல் வரிகளை எல்லாம் வாசித்து முடித்த பிறகு, பக்கத்து நிலத்து எஸ்கில் மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். வீட்டில் சுவீடிஷ் பேசுகிறவன். எங்கள் மொழியைப் பேசும்போது சொற்களைச் சேற்றில் பூட்ஸ் வைப்பது போல ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான்.

"வீட்டம்மா" என்றான். "நான் சுத்தி வளைக்கல. தெக்குச் சரிவ எனக்குக் குத்தகைக்குக் குடு. இந்த வருஷக் கிழங்கையும் நானே அகழ்ந்துக்கறேன். நீ யொர்மாகிட்ட போயி கொஞ்ச நாள் இரு."

யொர்மா அவளுடைய மகன். கோத்தன்பர்க்கில் கார்த் தொழிற்சாலையில் இருந்தான். அடக்கத்துக்கு வந்து, வேலைக்குத் திரும்ப அன்றே படகேறியிருந்தான். அவனும் அதையேதான் சொல்லியிருந்தான்.

"அங்க போயி நான் என்ன பண்ண? காருக்குக் கதவு மாட்டவா?"

"தனியா நீ எப்படிப் பாப்பேன்னு கேக்கறேன்."

"சில்வி இருக்கா."

எஸ்கில் என்னைப் பார்த்தான். நூலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற கைகள் என்னுடையவை. அவன் அவற்றையும் பார்த்தான்.

"திருநாள் பாரம் போகட்டும்" என்றாள் இர்யா. "நல்லபடியா போயிச் சேந்துச்சுன்னா நிலம் என்கிட்ட இருக்கும். போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா நீயே எடுத்துக்க. நானே சாவிய கொண்டாந்து தரேன்."

"சாவி எதுக்கு? உங்க வீட்டுக்கு எந்தக் காலத்துல பூட்டு இருந்துச்சு?"

முதல் தடவையாக அன்று அவள் சிரித்தாள். அதன் பிறகு எஸ்கிலும் கிளம்பினான்.

மறுநாள் தொலைபேசி வந்தது. தொழிற்சாலையிலிருந்து தூலிக்கி என்ற பெண். "எந்த அட்டைன்னு அர்வோ சொல்றேன்னார். பெட்டி அடிக்க நாள் வேணும். இந்த வாரம் சொன்னாத்தான் திருநாளுக்கு முன்னாடி வரும்" என்றாள். இர்யா செய்தியைச் சொன்னாள். மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "நான் நேர்ல வரேன்" என்று மட்டும் கேட்டது.

சனிக்கிழமை காலைப் படகில் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி. சிறிய வேன் நிறைய, மடித்த பெட்டிகள் கட்டுக் கட்டாக. சமையலறையில் நாங்கள் காப்பி ஊற்றி, ஏலக்காய் மணக்கும் இனிப்பு ரொட்டியை வைத்தோம். அவள் அட்டைத் துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இது போன வருஷம் வாங்கினது. ஒத்தை நெளி. பழைய தாளக் கரைச்சு மறுபடி செஞ்சது. காஞ்சிருந்தா நல்லாவே நிக்கும். ஈரம் பட்டா இழை சீக்கிரம் தளர்ந்துடும். இது ரெண்டாவது. இதுவும் ஒத்தை நெளிதான். ஆனா ரெண்டு பக்கத் தாளும் புது பைன் மர இழை. நீளமான இழை, ஈரத்த மெதுவா குடிக்கும். மூணாவது இரட்டை நெளி. அலை மேல அலை. பலமானது. ஆனா கனம். விலையும் ஏறும். சுவர் தடிக்கறதுனால பெட்டியும் வெளிய பெரிசாகும், நீங்க பெட்டி அடுக்கற மரத்தட்டுல விளிம்பு தாண்டித் தொங்கும்."

"அர்வோ எதைச் சொன்னான்?"

"எல்லாத்தையும் திட்டினார்" என்றாள் தூலிக்கி. உடனே முகம் சிவந்து, "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"எங்களையும் திட்டுவான். பரவால்ல. எத்தனை பாரம் தாங்குதுன்னு எப்படிப் பாக்கறீங்க?"

"ஒரு அறை இருக்கு. இருபத்திமூணு டிகிரி. காத்துல ஈரம் பாதி. அங்க ஒரு நாள் முழுக்க வச்சு, அப்பறம் எந்திரத்துல அமுக்கிப் பாப்போம்."

"எங்க ஊர்ல அப்படி ஒரு நாள் வந்தா கொடி ஏத்துவோம்" என்றாள் இர்யா. "எங்க பெட்டி போறது படகு மேல்தட்டுல. பனிக்குள்ள. கிழங்கே வேர்க்கும். அந்த மாதிரி அறை உங்ககிட்ட இல்லையா?"

"இல்ல."

"எங்ககிட்ட இருக்கு."

நான் புரியாமல் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே கரையோரம் நின்ற சௌனாவை, எங்கள் நீராவிக் குளியல் குடிலை, காட்டினாள். சனிக்கிழமை. எப்படியும் அன்று சூடேற்ற வேண்டியதுதான்.

மத்தியானம் வரை நாங்கள் மூவரும் கிழங்கு சுமந்தோம். நிலவறையில் போன வருட விதைக்கிழங்கு மீந்து, முளைவிட்டுச் சுருங்கிக் கிடந்தது. ஐந்தைந்து கிலோவாகப் பெட்டிகளில் நிரப்பினோம். சௌனாவின் முன்னறை குளிக்கும் அறை. அதன் சிமெண்ட் தரையில் மூன்று அட்டைக்கும் மூன்று அடுக்கு. வரிசைக்கு இரண்டு பெட்டி, ஐந்து வரிசை. தூலிக்கி வேனிலிருந்து எடுத்துத் தர, நானும் இர்யாவும் அடுக்கினோம். ஒவ்வொரு அடுக்கின் தலையிலும் ஓர் உர மூட்டை. அவள் வேன் கதவைச் சாத்திவிட்டு வந்தபோது மூட்டைகள் ஏறிவிட்டிருந்தன. பிறகு இர்யா அடுப்பில் பிர்ச் விறகைத் திணித்து, உள்ளறைக் கதவை அகலத் திறந்துவைத்து, அவ்வப்போது போய் அடுப்பின் மேல் அடுக்கிய கற்களில் தண்ணீர் வீசிவிட்டு வந்தாள். நீராவி இரண்டு அறைகளையும் நிறைத்தது.

"பெட்டிக்கு சௌனா" என்றாள் தூலிக்கி. "இத நான் ஆபீஸ்ல சொன்னா நம்பமாட்டாங்க."

"நாம அடிச்சுக்கற மாதிரி பிர்ச் இலைக் கொத்தால அடிக்கவும் செய்யலாம். தோல் நல்லதா இருந்தா செவக்கும்."

மாலையில் நாங்களும் போனோம். வேறு எப்படிப் பார்ப்பது? மூன்று பேரும் உடைகளைக் கழற்றி ஆணியில் மாட்டினோம். அந்த ஆணியிலேயே தூலிக்கி தன் 'நீங்க'வையும் மாட்டிவிட்டாள். மேல் பலகையில் ஏறினாள். நேராகப் போய் ஜன்னலோர மூலையில் உட்கார்ந்தாள். அது அர்வோவின் இடம். அவன் போன பிறகு அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் அமைதியிலிருந்து அவளுக்கே ஏதோ புரிந்து எழப்போனாள்.

"உக்காரு" என்றாள் இர்யா. "பலகை உக்காரத்தான்."

திறந்த கதவு வழியாக அடுக்குகள் தெரிந்தன. நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டு வேர்வையில் ஊறி உட்கார்ந்திருந்தோம். இர்யா ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். ஆவி எழுந்து காதுகளைச் சுட்டது. சற்று நேரத்தில் முதல் அடுக்கு, போன வருடத்து அட்டை, கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்காரும் சத்தத்தோடு ஒரு பக்கமாக இறங்கியது.

"அது தெரிஞ்சதுதான்" என்றாள் தூலிக்கி.

நாங்கள் தலைக்குச் சோப்புப் போடும் முன்பே இரண்டாவதும் சாய்ந்தது. தூலிக்கி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு மூன்றாவது. விழவில்லை. ஆனால் அடிப்பெட்டியின் சுவரில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்து, மூட்டை அறைச் சுவரில் சாய்ந்து நின்றது.

"இது சாயக் கூடாது" என்றாள் தூலிக்கி. அந்த மடிப்பைச் சுட்டிக்காட்டினாள். "இர்யா, இது சாயவே கூடாது. இந்த அட்டைல நாங்க என்ஜினே அனுப்பறோம்."

"அப்ப இன்னும் தடியா வேணுமா?"

"இதுக்கு மேல மரப்பெட்டிதான்."

மரப்பெட்டிக்கு ஹக்காலா ஒப்பமாட்டார், எங்களுக்கும் கட்டுப்படியாகாது. மூவருக்கும் அது தெரியும். கல் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. எனக்கு எஸ்கிலின் முகம் நினைவுக்கு வந்தது. இர்யா பலகையிலிருந்து இறங்கி, வேர்வை சொட்டச் சொட்ட, சாய்ந்த அடுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பசுவின் காலைத் தடவிப் பார்ப்பது போல ஒவ்வொரு பெட்டியையும் தடவினாள். அடுத்த அடுக்குக்குப் போனாள். அங்கும் தடவினாள்.

"இங்க வாங்க ரெண்டு பேரும். கைய வையுங்க. எங்க மடிஞ்சிருக்கு?"

"சுவர் நடுவுல" என்றேன்.

"இதுல?"

"நடுவுல."

"மூலை ஒண்ணாச்சும் மடிஞ்சிருக்கா?"

தூலிக்கி மண்டியிட்டாள். மூலைகளை விரலால் அழுத்தினாள். ஈரத்திலும் அவை விறைப்பாக நின்றன. அவள் பெட்டியைப் பார்ப்பதை விட்டு, முதல் முறையாக அடுக்கைப் பார்த்தாள்.

"இதை யாரு இப்படி அடுக்கினது?"

"எப்படி?"

"ஒரு வரிசை நெடுக்க, ஒரு வரிசை குறுக்க."

"நானும் சில்வியும். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"விறகு அப்படித்தானே அடுக்கறோம்" என்றாள் இர்யா. "ஓரத்துல குறுக்க வைக்கலன்னா சரிஞ்சிடும்ல. தீவு முழுக்க அப்படித்தான்."

தூலிக்கி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க எந்திரத்துல ஒரே ஒரு பெட்டியத்தான் வச்சு அமுக்கறோம்" என்றாள் மெல்ல. "குளிர்காலம் முழுக்க அர்வோகூட பேசினேன். என்ன தாள், என்ன நெளி, எத்தனை கிலோ, எல்லாம் கேட்டேன். எப்படி அடுக்கறீங்கன்னு கேக்கவே இல்ல. பெட்டிக்குப் பலமே மூலைலதான் இர்யா. நாலு மூலையும் நாலு கால் மாதிரி. மேல்பெட்டிய குறுக்க வச்சா அதோட மூலை கீழ்ப்பெட்டி சுவர் நடுவுல உக்காருது. அங்க தாங்கறதுக்கு ஒண்ணுமில்ல. பாதிப் பலம் போச்சு. ஈரத்துல மிச்சமும் போச்சு."

விறகுக்கு மூலை கிடையாது. கட்டைக்கு எங்கும் ஒரே பலம். எங்கள் கைகள் எந்தக் குளிர்காலத்திலோ கற்றதைக் கோடையிலும் செய்துவந்திருக்கின்றன. ஆனால் எனக்கு அப்போது அந்த நியாயம் எதுவும் தோன்றவில்லை. வாயில் வந்தது வேறொன்று.

"அப்ப போன வருஷம் நசுங்கினது அர்வோவாலயா?"

"சில்வி, அட்டையும் கொஞ்சம்..." என்று தூலிக்கி தொடங்கினாள்.

"செத்தவன் மேல ஏத்தறது சுலபம். அவன் வந்து பதில் சொல்ல மாட்டான்."

இர்யா எழுந்து உள்ளே போனாள். கரண்டி நிறையத் தண்ணீரை ஊற்றினாள். அந்தச் சூட்டில் யாராலும் பேச முடியாது. ஆவி அடங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"சில்வி, அவன் ஒரு வருஷமா படுக்கைல கூரையப் பாத்துக்கிட்டு, காசுக்கு ஆசைப்பட்டு மட்டமான அட்டைய வாங்கி வீட்டக் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டே கெடந்தான். காசுக்கு ஆசைப்பட்டு இல்ல. எங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். அது எனக்கு நிம்மதியா இருக்கு. அடுக்கினது அவன் மட்டுமில்ல. அவன் ஒரு பக்கம் புடிக்க, நான் ஒரு பக்கம் புடிக்க. பாதி என்னோடது. அந்தப் பாதிய நான் வச்சுக்கறேன். மிச்சத்தக் கல்லறைல போயி அவன்கிட்டயே சொல்றேன்."

நான் குவளையில் தண்ணீர் மொண்டேன். கண்ணில் எரிந்தது சோப்புத்தான் என்று முகத்தைக் கழுவினேன். பிறகு மூவரும் படித்துறையிலிருந்து கடலில் இறங்கினோம். ஜூன் மாதத்திலும் அந்தத் தண்ணீர் மூச்சை நிறுத்தும். தூலிக்கி கழுத்தளவு தண்ணீரில் பல் கிட்டிக்க, "இன்னொரு கட்டு இருக்கு வேன்ல. ரெண்டாவது அட்டை" என்றாள்.

துண்டைச் சுற்றிக்கொண்டே அடுக்கினோம். பைன் இழை அட்டை, ஒற்றை நெளி. மூலைமேல் மூலை. இர்யா குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். ஓர் உர மூட்டை ஏற்றினோம். கல்லில் தண்ணீர் ஊற்றினோம். படித்துறையில் உட்கார்ந்து கடுகு விழுதோடு சாசேஜ் தின்றோம். போய்ப் பார்த்தால் நின்றது. இன்னொரு மூட்டை ஏற்றினோம். தூலிக்கிக்குப் படகு போய்விட்டது. மாடியில் அவளுக்குப் படுக்கை போட்டோம். காலையில் நைட்டியோடு மூவரும் சௌனா வாசலில் போய் நின்றோம். அடுக்கு நின்றுகொண்டிருந்தது, கொஞ்சம் சுருங்கின முகத்தோடு.

"இது போதும்" என்றாள் தூலிக்கி. "இரட்டை நெளி வேணாம். நான் விக்க வந்தவ, நானே சொல்றேன்."

"உன் முதலாளி?"

"அவர் சௌனாக்கு வரல."

அர்வோ அன்று மத்தியானம் எந்த அட்டையைச் சொல்லியிருப்பான் என்பது எனக்குத் தெரியாது. இர்யாவும் நானும் பல தடவை பேசிப் பார்த்திருக்கிறோம். அவள் இரண்டாவது என்பாள். எனக்கென்னவோ அவன் பயந்துபோய் மூன்றாவதைத்தான் எடுத்திருப்பான் என்று தோன்றும்.

பெட்டிகள் வந்தன. அகழ்வும் தொடங்கியது. வெள்ளைத் துணியைச் சுருட்டி எடுத்தால் கீழே இலைகள் ஈரமாக, அடர்ந்து. நீளக் காம்பு முள்கரண்டியைச் சற்றுத் தள்ளி மண்ணில் குத்தி, தூரை மெல்லத் தூக்கி, மண்ணைக் கையால் உதிர்க்க வேண்டும். கிழங்கைத் தேய்க்கக் கூடாது, போடக் கூடாது, வைக்க வேண்டும். மூன்றாம் நாள் என்னால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. எஸ்கில் தன் நிலத்து வேலையை முடித்துவிட்டு மாலைகளில் வந்தான். கூப்பிடாமலே வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடையில் மிஞ்சின சின்னக் கிழங்கைத் தோலோடு வேகவைத்து, டில் கீரையும் வெண்ணெயும் போட்டு, உப்பில் ஊறின ஹெர்ரிங் மீனோடு தின்றோம். அந்த நாட்களில் வேறு எதற்கும் பசிக்கவில்லை.

பாரம் போகிற அன்று காலை பனிமூட்டம் இறங்கியது. துறையில் நின்றால் படகின் மூக்குத் தெரிகிறது, வால் தெரியவில்லை. முதல் மரத்தட்டை நானும் இர்யாவும் அடுக்கினோம். நாலு மூலையிலும் மெல்லிய பலகை நிறுத்தி, மேலே ஒரு மரச்சட்டம் வைத்து, வலைக்கயிற்றால் சுற்றி இறுக்கினோம். நேரடுக்கு ஆட்டத்தில் சரியும், அதற்கு இந்தக் கட்டு வேண்டும் என்று தூலிக்கி சொல்லியிருந்தாள். எஸ்கில் சுற்றி வந்து பார்த்தான்.

"இது என்ன, தேவாலயக் கோபுரமா?"

"மணி மட்டும் இல்ல" என்றாள் இர்யா.

"அலைல ஆடினா மொத்தமா தண்ணிக்குள்ள போகும். குறுக்க ஒண்ணு வையி. நான் சின்னப் பையன்லேர்ந்து படகேத்தறேன்."

"நானும்தான் எஸ்கில். அதனாலதான் நசுங்குச்சு."

அவள் ரசீது வாங்கப் படகுக்காரனிடம் போனாள். நான் டிராக்டரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தட்டை எஸ்கில் அடுக்கினான். உதவத்தான் அடுக்கினான், வேகமாக, ஒழுங்காக. படகு ஊதியது. நான் திரும்பிப் பார்த்தபோது அது ஆளுயரம் எழுந்துவிட்டிருந்தது. ஒரு வரிசை நெடுக்க. ஒரு வரிசை குறுக்க.

இர்யா திரும்பி வந்து பார்த்தாள். படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்தான். பாரம் ஏற்றும் அடுத்த படகு நாளைக்குத்தான். நாளைக்குப் போனால் ஹக்காலா பக்கத்துத் தீவுக் கிழங்கை எடுத்திருப்பார்.

"பிரி" என்றாள்.

"நேரமில்ல வீட்டம்மா."

"பிரி எஸ்கில்."

அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். முதல் பெட்டியைத் தூக்கியது நான்தான். பிறகு நான் நிற்கவே இல்லை. முதுகு இருந்ததே நினைவில்லை. இர்யா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மூலையைத் தொட்டுப் பார்த்து மூலையை வைத்து, அடுத்தது, அடுத்தது. படகுக்காரன் கயிற்றைக் கையில் பிடித்தபடி வந்து பார்த்தான். என்ன நினைத்தானோ, கயிற்றை மறுபடி தூணில் சுற்றினான்.

"அர்வோவோட கிழங்கா?" என்றான்.

"ஆமா."

"சரி. பனில எப்படியும் மெதுவாத்தான் போகணும்."

எஸ்கிலும் குனிந்தான். அவன் கை இரண்டு தடவை பழக்கத்தில் பெட்டியைத் திருப்பியது. இரண்டு தடவையும் தன் மொழியில் ஏதோ முனகிக்கொண்டு நேராக்கினான்.

நாங்கள் இருவரும் பாரத்தோடே போனோம். மேல்தட்டில் எல்லாவற்றிலும் ஈரம் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது. இர்யாவின் புருவத்திலும். அவள் வழி முழுதும் ஒரு கையைக் கயிற்றுக்குள் விட்டுப் பெட்டிமேல் வைத்திருந்தாள். நான் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கையாலேயே குடித்தாள். திறந்த கடலில் படகு உருண்டபோது கயிறுகள் முனகின. அடுக்கு மொத்தமாக ஆடி, மொத்தமாக நின்றது.

ஹக்காலா துறையில் சாம்பல் நிறக் கோட்டோடு காத்திருந்தார். தொப்பியைக் கழற்றி, இர்யாவின் கையைப் பிடித்து, அர்வோவைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பெட்டிகளைப் பார்க்கப் போனார். முதல் தட்டைச் சுற்றி வந்தார். இரண்டாவதைச் சுற்றி வந்தார். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, மேல் வரிசைகளை இறக்கவைத்து, அடி வரிசையில் ஒன்றை எடுக்கச் சொன்னார். மூடியைத் திறந்து ஒரு கிழங்கைக் கட்டைவிரலால் தேய்த்தார். தோல் மெல்லிதாக, ஈரமாக, அவர் விரலோடு உரிந்து வந்தது. அதற்கு முன் அது உரிந்திருக்கவில்லை.

மறுபடி குனிந்து, அடிப்பெட்டியின் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அது கொஞ்சம் வெளியே பிதுங்கியிருந்தது. இர்யா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இங்க கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கு வீட்டம்மா."

"ஒரு விரல்" என்றாள் இர்யா.

அவர் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரு விரல்தான்" என்றார். நிமிர்ந்து, லாரிக்காரனை ஏற்றச் சொல்லிக் கையசைத்தார். "வியாழக்கிழமையும் இவ்வளவே வேணும். முடியுமா?"

"முடியும்."

திரும்பும் படகில் பனி விலகிவிட்டது. இர்யா உட்கார்ந்தபடியே தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அர்வோ போன பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் துறையில் எஸ்கில் டிராக்டரோடு நின்றான். "என்னாச்சு?" என்று கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தான், இஞ்சினைப் போட்டான். வீடு வரும் வரை சாலையையே பார்த்து ஓட்டினான். இறங்கும்போது மட்டும், "என் பெட்டியும் வியாழக்கெழம போகுது. அந்தக் கயிறு எங்க வாங்கின?" என்றான்.

இதெல்லாம் நடந்து வெகுகாலமாகிவிட்டது. யொர்மா மனைவியோடு ஊருக்கே திரும்பி வந்தான். தெற்குச் சரிவை இப்போது அவர்கள் பார்க்கிறார்கள். இர்யா இரண்டு வருடத்துக்கு முன் போனாள், இலையுதிர்காலத்தில், அகழ்வெல்லாம் முடிந்த பிறகு. ஹக்காலாவின் இடத்தில் வேறொருவர் இருக்கிறார். அட்டையும் இரண்டு முறை மாறிவிட்டது. கயிற்றுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை வந்துவிட்டது. திருநாள் பாரத்தோடு நான் இன்னும் ஒரு தடவையாவது போய்வருகிறேன், சுமப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. துர்க்குத் துறையில் இறக்கும்போது, எந்த அட்டையானாலும், அடி வரிசைப் பெட்டியின் சுவர் ஒரு விரல் அளவு பிதுங்கித்தான் வந்து சேர்கிறது.